பதில் போடாதவர்களின் சம்பளம்

கல்லூரி அட்மிஷன் ஆபீஸில் இருப்பவன் பாடம் நடத்த வேண்டாம், பரீட்சைத் தாள் திருத்த வேண்டாம். எதிரே உட்கார்ந்திருக்கும் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தொகையைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

உங்களில் பலர் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சீட்டு வாங்கப் போய், மார்க் ஷீட்டு வைத்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு, ஆடுகிற ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்திருப்பான், ஞாபகம் இருக்கிறதா? அவன்தான் நான். தொண்ணூறுகளில் ஏழு வருடம், பெருங்களத்தூருக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். அந்தக் கல்லூரி இப்போது இல்லை. எனக்கு ஐம்பத்தைந்து ஆகிறது. அந்த மேஜையிலிருந்து எழுந்துவிட்டேனா என்று இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ரிப்ளை கார்டு

வேலையில் சேர்ந்த மாதமே கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார். கல்லூரி நின்ற இடம் அவருடைய சொந்த வயல். அவர் அப்பா காலம்வரை அதில் நெல் விளைந்தது. "நீ ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சவன்தானே? நம்மகிட்ட முடிச்சவன் எல்லாம் மாசம் என்ன சம்பளம் வாங்கறான்னு ஒரு கணக்கு குடு. நோட்டீஸ்ல போடணும்" என்றார். நான் பி.காம். அதில் ஒரு பேப்பர்தான் ஸ்டாடிஸ்டிக்ஸ். அதை அவரிடம் சொல்லவில்லை. என்னை நம்பி ஒருவர் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தபாலாபீஸில் ரிப்ளை கார்டு வாங்கினேன். இரண்டு கார்டு ஒட்டியிருக்கும். ஒன்றில் நம் கேள்வி, மற்றதில் அவர்கள் பதில் எழுதிக் கிழித்துப் போட வேண்டும். படிப்பை முடித்த நூற்றுச் சொச்சம் பேருக்கும் என் கையாலேயே விலாசம் எழுதினேன். ஒன்றரை மாதத்தில் பத்தொன்பது கார்டு திரும்பி வந்தது. அதில் இரண்டில் "இன்னும் வேலை கிடைக்கவில்லை" என்று இருந்தது. எல்லாவற்றையும் கூட்டி, பத்தொன்பதால் வகுத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் தாளைப் பார்த்தார். அந்த இரண்டு பேரை எடுத்துவிட்டுப் பதினேழால் வகுக்கச் சொன்னார். "சார், பதிலே போடாதவங்க தொண்ணூறு பேர் இருக்காங்களே" என்று இழுத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "சம்பளம் வாங்காதவனை எதுக்குய்யா சம்பளக் கணக்குல சேக்கறே? அந்தத் தொண்ணூறு பேரும் கார்டு போட நேரமில்லாம வேலை செஞ்சிக்கினு இருப்பானுங்க."

மஸ்கட்

பதினேழு கார்டில் ஒன்று மஸ்கட்டிலிருந்து, கவருக்குள் போட்டு வந்திருந்தது. அந்தப் பையன் அங்கே தாய்மாமன் கடையில் இருந்தான். பிளஸ் டூவோடு போயிருந்தாலும் மாமன் அதே சம்பளம்தான் கொடுத்திருப்பார். அவன் ரியாலை ரூபாயாக்கிச் சேர்த்ததும் சராசரி ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஒரே தாவலில் இரண்டாயிரத்து நூறைத் தாண்டிவிட்டது. "சில்லறை எதுக்கு, ரவுண்டா போடு" என்று கரஸ்பாண்டென்ட் அதை இரண்டாயிரத்து ஐந்நூறு ஆக்கினார். பச்சைத் தாளில், சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் வந்தது: "எங்கள் பட்டதாரிகளின் சராசரி மாதச் சம்பளம் ரூ.2500."

எனக்கு அப்போது மாதம் எழுநூறு ரூபாய். மஸ்கட்காரனை எடுத்துவிடலாமா என்று டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். சேலையூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர். கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் டைப் அடித்தவர். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "அவன எடுத்தா மிச்சப் பதினாறு பேரும் ஏழையாயிடுவானுங்க. அவன அப்பிடியே விட்டுடு, உன்னையும் அதுல சேத்துடாத."

பதினாலு மாதம்

அடுத்த ஜூனில் பம்மலிலிருந்து மாசிலாமணி வந்தார். தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரி. சுண்ணாம்பில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. கைகளை மேஜைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் மகன் பாபு. அவனுக்கு அரசாங்க மானியத்தில் நடக்கும் ஒரு எய்டட் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு கிடைத்திருந்தது. அங்கே ஃபீஸ் சில நூறு ரூபாய்தான். அன்று சாயங்காலத்துக்குள் கட்ட வேண்டும். எங்களிடம் பி.எஸ்ஸி. எலெக்ட்ரானிக்ஸ். நன்கொடை பத்தாயிரம், வருடத்துக்கு எட்டாயிரம். நோட்டீஸைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அங்க சும்மாவே சேத்துக்கறாங்க சார். ஆனா முடிச்சா வேல கெடைக்குமா, கெடைக்காதா? அத்த நீங்கதான் சொல்லணும். பொண்டாட்டி நகைய சேட்டு கடைல வெச்சாதான் இங்க கட்ட முடியும்" என்றார்.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பத்தாயிரமும் மூன்று எட்டாயிரமும் முப்பத்து நாலாயிரம். அதை இரண்டாயிரத்து ஐந்நூறால் வகுத்தேன். "பதினாலு மாசம். வேலைக்குப் போன பதினாலாவது மாசம் நகையைத் திருப்பிடலாம்" என்று அடிக்கோடு போட்டுக் காட்டினேன். வட்டியைச் சேர்க்கவில்லை. பையன் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பான், சாப்பிடுவான், சட்டை போடுவான் என்பதைச் சேர்க்கவில்லை. வேலை தேடும் காலத்தைச் சேர்க்கவில்லை. பதில் போடாத தொண்ணூறு பேரைச் சேர்க்கவில்லை. எனக்குத் தெரியாமல் விட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான்தான் நம்ப மாட்டேன்.

மாசிலாமணி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாபு மெல்ல, "கணக்கே படிக்கிறேன்பா" என்றான். அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா கெட. சார் எழுதியே குடுத்துட்டாரு. நம்மள ஏமாத்தி இவருக்கு இன்னாடா வரப்போவுது?"

கோவளத்து அம்மா

அதே வாரம் கோவளத்திலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். மீன் விற்கிறவர். மற்றவர்கள் எல்லோரும் நோட்டீஸைப் படித்துவிட்டு ஃபீஸைக் கேட்பார்கள். இவர் ஃபீஸைக் கேட்டுவிட்டு நோட்டீஸை மகளைப் படிக்கச் சொன்னார். "இந்த ரெண்டாயிரத்து ஐந்நூறு யாரு சொன்ன கணக்கு?" என்றார். "படிச்சவங்களே கார்டுல எழுதி அனுப்பினதும்மா."

"எத்தினி பேருக்குக் கார்டு போட்ட?"

"நூறு பேருக்கு மேல."

"எத்தினி திரும்பி வந்துச்சி?"

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. பத்தொன்பது என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எல்லோரிடமும் சொல்லியிருப்பேன் என்பதுதான் ரொம்ப நாளைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அந்த அம்மா மகளின் கையிலிருந்து நோட்டீஸை வாங்கி என் மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "விடிகாலைல நாப்பது கட்டுமரம் போவுது. மீனு பட்டவன்தான் ஏலத்துக்கு வந்து கூவுவான். ஒண்ணும் படாதவன் வலைய சுருட்டிக்கினு சத்தமில்லாம வூட்டுக்குப் பூடுவான். நீ ஏலத்துல நின்னுகினு கடலு பூரா மீனா கீதுன்றியே, நைனா!"

சித்தப்பா

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு கிலோ ஜாங்கிரியோடு மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். குரோம்பேட்டையில் குடியிருந்த அவர் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க். மகன் மோகன் பிளஸ் டூ முடித்திருந்தான். "உங்க காலேஜ்ல உன் பேரைச் சொன்னா டொனேஷன் கொறைப்பாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்ததோ தெரியவில்லை. "வேண்டவே வேண்டாம் சித்தப்பா" என்றேன். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஆஸிலோஸ்கோப் ஒன்றே ஒன்று, அதுவும் ரிப்பேர். நல்ல வாத்தியார் இரண்டு பேர் பாதி வருடத்தில் வேறு இடம் போய்விட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்க இதுவரை ஒரு கம்பெனியும் வந்ததில்லை. எய்டட் கல்லூரியில் எது கிடைத்தாலும் சேர்த்துவிடுங்கள், மிச்சமாகும் பணத்தில் டைப்பும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொள்ளட்டும். மூச்சுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல ஒரு நல்ல மனிதனின் குரல் எனக்கே கேட்டது. அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

சித்தப்பா சந்தோஷமாகக் காபியைக் குடித்து முடித்தார். மோகனை வேறு இடத்தில் சேர்ப்பதாக முடிவாகிவிட்டது. செருப்பைப் போடும்போதுதான் அவருக்கு ஏதோ தோன்றியது. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "ஏம்பா, சொந்தக்காரங்களை வேண்டாங்கறே. அப்ப அங்க யாரைத்தான் சேக்கறே?"

ஒரு கார்டும் வரவில்லை

பாபு மூன்று வருடம் படித்தான். ஒவ்வொரு ஜூனிலும் மாசிலாமணி ஃபீஸோடு வருவார். நகை தீர்ந்து, தினம் திருப்பிக் கட்டும் தண்டல் கடன் வாங்கி, மூன்றாம் வருடம் டேனரி முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். பாபு பாஸ் செய்தான். முடித்த வருடமே அவனுக்கும் வழக்கம்போல ரிப்ளை கார்டு அனுப்பினேன். பதில் இல்லை. ஆறு மாதம் கழித்து இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது கார்டுக்கு அவனே நேரில் வந்தான்.

பல்லாவரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். மாதம் அறுநூறு. "சார், கார்டு வூட்டுக்கு அனுப்பாதீங்க சார். எங்கப்பா அத்த எடுத்துக் கைல குடுத்து, எழுதுடான்னு எதிர்லயே உக்காந்துக்கறாரு. பேனாவ வேற தெறந்து குடுக்கறாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த வருட நோட்டீஸ் என் மேஜையில் ஒரு கட்டு இருந்தது. சராசரி இப்போது மூவாயிரத்து இருநூறு. அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். "எங்க செட்ல எல்லாருக்கும் கெடச்சிடுச்சா சார்?"

அவன் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். எனக்கு வந்த கார்டு ஐந்து. அதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்தச் சமயம் பார்த்து, ஒரு தகப்பன் பிள்ளையோடு உள்ளே வந்து ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் காதில் விழும்படி அதை எப்படிச் சொல்வது? "நிறைய பேருக்குக் கிடைச்சிருக்கு பாபு, உனக்கும் கிடைக்கும்" என்றேன். அவன் நோட்டீஸை எடுத்த இடத்திலேயே, கட்டின் ஓரம் பிசகாமல் வைத்தான். "அப்ப நான் ஒருத்தன்தானா சார்?"

பெண்ணுக்கு ஒரு சீட்டு

அடுத்த ஜூனில் மாசிலாமணி மறுபடி வந்தார். இந்தத் தடவை மகள் சுமதியோடு. நல்ல மார்க். எந்த எய்டட் கல்லூரியிலும் பி.காம். கிடைக்கும். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் வேண்டும் என்றார் மாசிலாமணி. பாபு எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "அவன் பேச்ச வுடுங்க சார். உங்க நோட்டீஸ்ல எல்லாரும் மூவாயிரம், மூவாயிரத்து இருநூறுன்னு வாங்கறான். கூடப் படிச்சவன் எல்லாம் வாங்கறான். இவனுக்கு மட்டும் இன்னா கேடு? சோம்பேறி சார். ஒரே வூட்ல நாங்க ரெண்டு பேரும் பேசி ஆறு மாசமாச்சு. இது அப்பிடி இல்ல, நல்லாப் படிக்கும்."

ஒரு பொய்யான தொகை பணத்தை மட்டும்தான் தின்னும் என்று அதுவரை நினைத்திருந்தேன். பம்மலில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் தகப்பனும் பிள்ளையும் ஆறு மாதமாகப் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பதினேழால் வகுத்ததற்காக. "வேணாங்க. இங்க வேணாம். எய்டட் காலேஜ்லயே சேருங்க, செலவே ஆகாது" என்றேன். ஏழு வருடத்தில் அந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு வெளியாளிடம் அப்படிச் சொன்னது அது ஒரு தடவைதான். ஸ்டெல்லா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மாசிலாமணி, "பணம் கட்ட மாட்டான்னு பாத்தீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "போன வாட்டி லேட்டாதான் கட்னேன். இல்லன்னு சொல்லல. இந்த வாட்டி வூட்டு பத்திரத்த வெச்சி மொத்தமா வாங்கிக்கினு வந்துகிறேன். என் கையப் பாத்துட்டு வேணான்றீங்களா?" என்று, இத்தனை வருடமும் மடியில் வைத்திருந்த கைகளை முதல் முறையாக மேஜைமேல் எடுத்து வைத்தார்.

'பாபு சோம்பேறி இல்லை. அவன் வகுப்பில் முப்பத்தேழு பேர் அவனைப் போலத்தான்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் வீடு தப்பியிருக்கும். பாபுவும் தப்பியிருப்பான். ஆனால் அடுத்த கேள்வி, 'அப்ப அன்னிக்கு நீங்க எழுதிக் குடுத்தது?' என்பதாகத்தான் இருக்கும். சுமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். குடித்து முடித்துப் பார்த்தபோது நாற்காலிகள் காலி. இருவரும் கரஸ்பாண்டென்ட் அறைக்குள் போயிருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து மாசிலாமணி வெளியே வந்து பணத்தை எண்ணி வைத்தார். ரசீது எழுதினேன். அதை வாங்கிக்கொண்டு, இந்த முறை என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கரஸ் சார் ரெண்டாயிரம் கொறச்சாரு. அவுரு மனுசன். நீங்கதான் சார் எங்கள அவ்ளோ கேவலமா நெனச்சிட்டீங்க."

சுமதி இரண்டாம் வருடம் படிக்கும்போது பம்மல் வீடு கைமாறிவிட்டதாக ஸ்டெல்லா அக்கா சொன்னார். மறு வருடம் நான் வேலையை விட்டேன். காரணம் கேட்டவர்களிடம் சம்பளம் போதவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை. பிள்ளைகளுக்குச் சீட்டு வாங்கியவர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்த பிறகு பார்த்தால், கேட்க வேண்டியவரின் புது விலாசம் என்னிடம் இல்லை, தேடியதும் இல்லை.

ஏழு வருடத்தில் நான் சொன்ன எல்லாப் பொய்யையும் நம்பிய மனிதர்தான், அவரிடம் சொன்ன ஒரே உண்மையைக் கேட்டு என்னைக் கெட்டவன் என்று கண்டுபிடித்தார். ஆனாலும் அவர் வந்து சேர்ந்த முடிவு மட்டும் சரிதான்.